ரிப்போர்ட் நோர்மல், வயிறு நோகுது

நாங்கள் மூன்று பேர். செட்டிபாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கம்பஸ் போய் வருகிறவர்கள். மூன்று பேரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்திக்கு ஐந்து வருசமாக வயிற்றுவலி. அது யாருக்கு என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது வாசித்துக்கொண்டு போகும்போது உங்களுக்கே விளங்கும்.

ஏ.எல். படிக்கிற காலத்தில் தொடங்கிய வலி. சில நாள் தொப்புளைச் சுற்றி, சில நாள் அடிவயிற்றில். கிழமையில் இரண்டு மூன்று நாள் வரும். வந்தால் சுருண்டு படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் ஓபிடி. "கேஸ்ட்ரிக்" என்று குளிசை தந்தார்கள். பிறகு இரத்தம், சலம், மலம் எல்லாம் சோதித்தார்கள். பிறகு ஸ்கேன். பிறகு காசு சேர்த்து, பெரிய டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டினோம். கடைசியாக என்டொஸ்கொபியும் முடிந்தது. இடையில் அம்மம்மா நாவூறு பார்த்தா. வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. ரிப்போர்ட்கள் எல்லாம் ஒரு சொப்பின் பேக்கில் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: நோர்மல்.

முதலாவது நோர்மலுக்கு அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தா. நாலாவது நோர்மலுக்கு வீட்டில் ஒருத்தரும் ஒண்டும் பேசேல்ல.

இந்த நாலாவது நோர்மலுக்குப் பிறகு வருகிற மௌனத்தைப் பற்றித்தான் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் அந்த இடத்தில்தான் "வருத்தம் என்னெண்டு தெரியேல்ல" என்ற வசனம் மெல்ல மெல்ல "வருத்தமே இல்ல" என்று மாறுகிறது. அதற்கடுத்த படி "இவள் நடிக்கிறாள்". இந்த மூன்றும் ஒன்றல்ல. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும், சில வேளை டொக்டரின் அறையிலும்கூட, ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது? உறுப்பின் வடிவத்தை. கல் இருக்கா, கட்டி இருக்கா, வீக்கம் இருக்கா என்று அது சொல்லும். குடல் எப்படி அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூச்சத்தோடு இருக்கின்றன என்பதை அது சொல்லாது. எங்கள் குடலின் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. அந்தப் பேச்சு குழம்பினால், சாதாரணமாகச் சாப்பாடு இறங்குவதுகூட வலியாகப் பதிவாகலாம். றேடியோவின் வெளிப்பெட்டியைப் படம் எடுத்துவிட்டு, உள்ளே வயர் சரியாக இருக்கிறதென்று சொல்ல முடியாதுதானே. அதுபோலத்தான் இதுவும்.

இது அபூர்வமான வருத்தமும் அல்ல. குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் கோளாறுகள் என்று இப்போது ஒரு முழு வகையே இருக்கிறது. 2016இல் வந்த ரோம் 4 அளவுகோல்கள் இவற்றை அப்படித்தான் அழைக்கின்றன. 33 நாடுகளில் 73,000க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழி பதில் சொன்னவர்களில் பத்துப் பேரில் நாலு பேருக்கு இந்த வகையில் ஏதோ ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. நிரங்கா தேவநாராயண, ஷமன் ராஜிந்திரஜித் ஆகியோர் இலங்கைப் பிள்ளைகளின் வயிற்றுவலியைப் பற்றி வருசக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்கள். 10 முதல் 16 வயது வரையான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றி 2011இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், 12.5 சதவீதமானோருக்கு இவ்வகை வயிற்றுவலி இருந்தது. அதாவது எட்டுப் பேரில் ஒருவர். நாற்பது பேர் இருக்கிற ஒரு வகுப்பில் ஐந்து பேர். எங்கள் வகுப்பில் அந்த ஐந்து பேரும் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர்களும் எங்களைப் போல வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள்.

இனி "ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லுக்கு வருவோம். ஒன்றும் கிடைக்காதபோது டொக்டர்மார் சொல்வது இது: "தங்கச்சி, கனக்க யோசிக்காதீங்க." இதைக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும். கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. வயிற்றுப்புண்ணையும் ஒரு காலத்தில் மன அழுத்தமும் உறைப்புச் சாப்பாடும் தருகிற வருத்தம் என்றுதான் சொன்னார்கள். அவுஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில், பெரும்பாலான புண்களுக்கு ஒரு பக்டீரியாதான் காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை எத்தனை ஆயிரம் பேர் "யோசிக்காதீங்க" என்ற மருந்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

ஆனால் எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தடவை ஒரு டொக்டர் குறைந்த அளவில் அமிற்றிப்டிலின் எழுதித் தந்தார். பஸ்ஸில் வரும்போதே போனில் தேடிப் பார்த்தோம். "மனநோய்க் குளிசை" என்று இருந்தது. "என்னகா, உன்னை விசரி எண்டு நினைச்சிட்டாரா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். குளிசை அப்படியே குப்பைக்குப் போனது. பிறகுதான் வாசித்து அறிந்தோம்: அந்த மருந்து குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுவது. பிரித்தானியாவில் 463 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், எரிச்சல்கொண்ட குடலுக்கு அது வெற்றுக் குளிசையைவிட நன்றாக வேலை செய்திருந்தது. அந்த டொக்டர் எங்களை நம்பித்தான் அதை எழுதியிருக்கிறார். ஏன் எழுதுகிறேன் என்று ஒரு நிமிசம் விளங்கப்படுத்தியிருந்தால் நாங்கள் எறிந்திருக்க மாட்டோம். நாங்களும் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம்.

மனசும் வயிறும் வேறு வேறு வீடுகள் அல்ல. மேலே சொன்ன இலங்கை ஆய்விலும் மன அழுத்தமான சம்பவங்களைச் சந்தித்த பிள்ளைகளிடம் வலி கூடுதலாகக் காணப்பட்டது. யுத்தமும் 2004 சுனாமியும் கடந்த எழுவான்கரையில் இது யாருக்குத்தான் ஆச்சரியம்? ஆகவே "ஸ்ட்ரெஸ்" என்று சொல்வது பிழையில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் பிழை. ஸ்ட்ரெஸ்ஸால் வருகிற வலியும் உண்மையான வலிதான், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று அடுத்த வசனத்தையும் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கதவும் சாத்தப்படுகிறது. அடிவயிற்றுவலிக்கு ஒரு முக்கிய காரணம் எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்சவ்வு போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்து சதவீதமானோருக்கு, உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கவே 4 முதல் 12 வருசம் வரை போகுமாம். சாதாரண ஸ்கேனில் இது பல வேளைகளில் தெரியாது. எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசவே முடியாது. கல்யாணம் கட்டாத பிள்ளை பெண்நோயியல் கிளினிக் வாசலில் நின்றால் போதும், அவள் வீடு வந்து சேர முதல் கதை வந்து சேர்ந்துவிடும். "கல்யாணம் கட்டினா எல்லாம் சரியாகும் புள்ள" என்று மாமிமார் வைத்தியம் சொல்வார்கள். அந்தக் கிளினிக்குக்கு ஐந்து வருசத்தில் ஒருமுறைகூட நாங்கள் போகவில்லை. பயந்தது வருத்தத்துக்கு அல்ல, தெருவுக்கு. கட்டுரையின் தொடக்கத்தில் பெயர் சொல்லாமல் விட்டதற்கும் இதுதான் காரணம்.

கம்பஸிலும் இதே கதைதான். எண்பது சதவீத வரவு வேண்டும். தவறினால் மெடிக்கல் போட வேண்டும். மெடிக்கலில் நோயின் பெயர் எழுத ஓர் இடம் இருக்கிறது. எங்களிடம் பெயர் இல்லை. "வயிற்றுவலி" என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கினவர் பார்த்துவிட்டு, "எக்ஸாம் நேரம் எல்லாருக்கும் வாற வருத்தம்தானே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பாடம் இப்போது ரிப்பீட். மற்ற இரண்டு பேரும் அந்தப் பாடத்தில் பாஸ்.

டொக்டர்மாரைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. இந்த நாட்டில் காசு வாங்காமல் ஸ்கேனும் என்டொஸ்கொபியும் செய்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களுக்குத் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டே போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர் முன்னால், படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வந்தவர்களும் சேர்த்து ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. அவரிடம் நேரம் இல்லை. ஆனால் சில விசயங்களுக்கு நேரமும் காசும் பெரிதாகத் தேவையில்லை.

உதாரணத்துக்கு ஒன்று. 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சோதனையைச் சொன்னார். படுக்க வைத்து, நோகும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு, தலையையும் தோளையும் தூக்கச் சொல்ல வேண்டும். வலி கூடினால் அது பெரும்பாலும் உள்ளுறுப்பில் இல்லை, வயிற்றுச் சுவரின் தசையிலோ அங்கே நெரிபட்ட நரம்பிலோ இருக்கலாம். மெசின் வேண்டாம், ஒரு நிமிசம் போதும். இந்த ஐந்து வருசத்தில் ஒருவரும் அதைச் செய்து பார்க்கவில்லை.

இரண்டாவது, ஒரு வசனம்: "என்னெண்டு இன்னும் தெரியேல்ல, ஆனா உங்களுக்கு நோகுது எண்டு நான் நம்புறன். அடுத்த மாசம் வாங்க." வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

மூன்றாவது, எங்கள் பக்கம் செய்ய வேண்டியவை. ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து, எப்போது நோகிறது, என்ன சாப்பிட்டோம், மாதவிடாய் எந்த நாள், வெளிக்குப் போவது எப்படி என்று எழுதி வைக்க வேண்டும். "எப்பவும் நோகுது" என்று சொல்வதைவிட அந்த இரண்டு பக்கம் டொக்டருக்கு உதவும். பாமசியில் டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட் என்று கேட்டு வாங்கி விழுங்குவதை நிறுத்த வேண்டும், அவையே வயிற்றைப் புண்ணாக்கும். உடம்பு மெலிந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் விடாமல் இருந்தால், நித்திரையிலிருந்து எழுப்பும் அளவு நோ வந்தால், "நோர்மல் எண்டுதானே சொன்னவை" என்று இருந்துவிடக் கூடாது. உடனே திரும்பப் போக வேண்டும்.

நண்பர்களுக்கும் ஒன்று. வகுப்பில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனால் "சாட்டு" என்று சொல்லாதீர்கள். நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்கு அவளுடைய நோயின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை.

வாற செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்தக் கிளினிக்குக்குப் போகிறோம். மூன்று பேரும் ஒரே வாங்கிலில் இருக்கப் போகிறோம். தெருவில் போகிறவர்கள் யாருக்கு வருத்தம் என்று தாங்களே யோசித்துக்கொள்ளட்டும்.