3000 என்ற எண்ணை முதலில் அழியுங்கள்

ப்ராஜெக்ட் தலைப்பு சீசன். வகுப்பில் பாதிப் பேர் பிளாஸ்டிக்கில் கார்பன் நானோகுழாய் கலந்து வெப்பத்தைக் கடத்தப் போகிறார்களாம். எல்லார் ஸ்லைடிலும் ஒரே எண்: 3000. 2001-ல் தனி நானோகுழாய் ஒன்றில் அளந்த வெப்பக் கடத்துதிறன் அது (வாட்/மீட்டர்-கெல்வின்). தாமிரமே 400தான், எபாக்ஸி வெறும் 0.2. அப்புறமென்ன, கலந்தால் போச்சு?

நூற்றில் ஒரு பங்கு கலந்தால், குழாய்கள் கண்டபடி கிடந்தாலும், காகிதக் கணக்கில் 10 வரும். ஐம்பது மடங்கு! 2002-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1% எடைக்குக் கலந்து அளந்தார்கள். கிடைத்தது இரண்டேகால் மடங்கு.

ஏன்? பெங்களூர் நெடுஞ்சாலையில் பறந்து வரும் கார், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் என்ன ஆகிறது? (வளைவுக்கு வளைவு புலவர், வள்ளல் பெயரைப் படிக்கலாம், அதுதான் லாபம் :)) குழாய்க்குள் வெப்பம், அணுக்களின் அதிர்வாகப் பறக்கிறது. குழாய் முடிந்து பாலிமர் தொடங்கும் இடத்தில் இரண்டின் அதிர்வும் ஒத்துப்போவதில்லை, திணறுகிறது. குழாயை நன்றாக ஒட்டவைக்க மேற்பரப்பில் வேதிப்பிணைப்பு ஏற்படுத்தலாம். ஆனால் அதுவே குழாயின் ஒழுங்கைக் கெடுத்து உள்ளே வேகத்தைக் குறைக்கும். அகலமான தகடுகள் என்றால் சந்திப்புகள் குறைவு. 2012-ல் பலாண்டின் குழு கிராஃபீன் கலவையை 10% கன அளவுக்குச் சேர்த்து எபாக்ஸியை 5 வரை கொண்டுபோனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, நம்ம ஊர் ஆசை. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தோல் கழிவின் கொலாஜனிலிருந்து நைட்ரஜன் கலந்த நானோகார்பன் செய்து 2012-ல் வெளியிட்டன. ஆம்பூர், வாணியம்பாடி கழிவுக்கு வழி பிறந்தால் என்னைவிட சந்தோஷப்படுபவர் யார்? ஆனால் அது வெங்காயம் போல அடுக்கடுக்கான உருண்டை, நீண்ட குழாய் அல்ல. உருண்டை என்றால் வழியெல்லாம் வளைவுதான். லித்தியம் பேட்டரிக்காக யோசித்த சரக்கை வெப்பத்துக்கும் இழுத்து, சரிவரவில்லை என்று பேர் வாங்கித் தராதீர்கள்.

மலிவான கிராஃபைட் செதிலையும் நானோகுழாயையும் ஒரே அளவில் கலந்து, சந்திப்புத் தடையை மட்டும் ஒப்பிடும் ப்ராஜெக்ட் யாராவது எடுத்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.