பட்டா இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களே

எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனம் முதலில் வாங்க வேண்டியது காகிதம். அந்தக் காகிதங்களில் முக்கியமானது சுற்றுச்சூழல் அனுமதி. அதை வாங்கித் தருவதற்கென்றே ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. நீர், மண், காற்று மாதிரிகளை எடுப்பதும், தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதும், அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பதும் அவர்கள் வேலை. காவிரிப் படுகையின் ஹைட்ரோகார்பன் திட்டங்களைப் பற்றிய ஆய்வுக்காக இந்த அறிக்கைகளைத்தான் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன்.

நான் வாசித்தவற்றில் பறவைகளுக்கும் மரங்களுக்கும் பக்கம் பக்கமாகப் பட்டியல் உண்டு. பட்டியல் சாதி மக்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த ஒரு விழுக்காடு மட்டும் உண்டு. சேரி எந்தத் திசையில் இருக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் அந்த வயலில் கூலி வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. சொல்லாத ஒன்றுக்கு இழப்பீடும் கிடையாது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் அனைத்தும் 'ஏ' பிரிவில் இருந்தன. அறிக்கை வேண்டும், பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும். 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஆய்வுக் கிணறுகளை 'பி2' பிரிவுக்குத் தள்ளியது. பி2 என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. வெறும் ஆய்வுதானே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் ஆய்வுக் கிணற்றுக்கும் அதே துளையிடும் எந்திரம்தான், அதே ரசாயனக் கலவைதான். பூமிக்கடியில் அழுத்தம் எவ்வளவு என்று மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் கட்டமும் அதுதான்.

இதன் விளைவை 2025இல் இராமநாதபுரத்தில் பார்த்தோம். ஓஎன்ஜிசியின் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. முதலிலேயே மக்களைக் கேட்டிருந்தால் இந்த நாடகம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே கருத்துக் கேட்பு திரும்ப வேண்டும். ஆனால் பழையபடியே திரும்பினால் போதுமா?

விதிப்படி 30 நாள் முன்னறிவிப்பு, நாளிதழ்களில் விளம்பரம், கூடுதல் மாவட்ட நடுவர் (Additional District Magistrate) நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பகலில் நடக்கும் கூட்டத்துக்கு அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? வந்தாலும், கிணற்றுக்கு நிலம் கொடுத்த பண்ணையார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நாளைக்கு அதே பண்ணையாரிடம் வேலை கேட்டு நிற்க வேண்டியவர் மைக்கைப் பிடித்து எதிர்த்துப் பேசுவாரா? சாதி இல்லாத ஊரைக் கற்பனை செய்து எழுதப்பட்ட விதிகள் இவை.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமற்ற விவசாயத் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்கிறது. மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்திருந்தால் போதும். ஆனால் நிலத்தைக் கையகப்படுத்தாமல், உரிமையாளரிடம் நேரடியாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைக்கு எட்டாது. பணம் பட்டாதாரருக்குப் போகும். வேலை இழந்தவருக்கு எதுவும் இல்லை.

இங்கே நம் சூழலியல் தோழர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. நெடுவாசலும் கதிராமங்கலமும் நமக்கு நம்பிக்கை தந்த போராட்டங்கள். ஆனால் நம் சுவரொட்டிகளில் 'விவசாயி' என்றால் யார்? டெல்டா நெற்களஞ்சியம் மட்டுமல்ல. 1968இல் கூலி உயர்வு கேட்டுப் போராடியதற்காக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் அங்கேதான் இருக்கிறது. 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஏற்கெனவே இயங்கிவந்த திட்டங்களைத் தொடவில்லை. அது காப்பது நிலத்தின் பயன்பாட்டை. அந்த நிலத்தில் உழைப்பவருக்கு என்ன உரிமை என்பது வேறு போராட்டமாகவே நிற்கிறது.

"அந்த வயல் எங்களுக்கு என்ன கொடுத்தது, கம்பெனி வந்தால் வரட்டுமே" என்று சேரி இளைஞர் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. வயலை வெறுக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கிணறு தோண்டி முடிந்தபின் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காவலாளி வேலையும் ஒப்பந்தக் கூலியும்தான். நிலத்தடி நீர் கெட்டால் பண்ணையார் டவுனில் வீடு கட்டிக்கொள்வார். அடிபம்பை நம்பியிருப்பவர் எங்கே போவார்?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஆய்வுக் கிணறுகளை மீண்டும் 'ஏ' பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும். கருத்துக் கேட்பின் ஓர் அமர்வு சேரியில், வேலை முடிந்த மாலையில் நடக்க வேண்டும். நிலமற்றோரையும் வாய்மொழிக் குத்தகைதாரரையும் அறிக்கை தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். நிலம் எந்த வழியில் எடுக்கப்பட்டாலும் அவர்களுக்கு இழப்பீடு வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். இன்றைய விதிகளே எழுத்து மூலமான ஆட்சேபணைக்கு இடம் தருகின்றன. அதற்குப் பட்டா தேவையில்லை. அடுத்த முறை உங்கள் மாவட்டத்தில் கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால், அறிக்கையின் சமூகப் பொருளாதார அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்து சேர்ந்து வாசியுங்கள். அறிக்கையில் விடுபட்டவர்களின் கையெழுத்தோடு ஆட்சேபணை போகட்டும்.