தலைக்கணக்கும் கடைக்கணக்கும்

இரண்டு கடைகளை ஒப்பிடும்போது மொத்த விற்றுமுதலை மட்டும் பார்த்து நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. அதை நம்பி எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்றும் கேட்கிறோம். உலகைச் சூடாக்கும் கரியமில வாயுவுக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும்.

நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 470 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. இந்தியா வெளியிடுவது சுமார் 280 கோடி டன். உலகில் மூன்றாமிடம் என்று நம்மை நோக்கி விரல் நீட்டுவது இதை வைத்துத்தான். ஆனால் அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 34 கோடி; நம்முடையது 140 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள். அங்கே தலைக்கு ஏறக்குறைய 14 டன். இங்கே 2 டன். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு ஒன்றல்ல என்பதை 1992இல் ரியோவில் கையெழுத்தான ஒப்பந்தமே ஏற்றுக்கொண்டது.

அதற்காக நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து.

முதலாவதாக, சராசரி பலவற்றை மறைக்கும். செந்துறைப் பக்கத்து விவசாயக் கூலியும், பெருநகரத்தில் குளிர்சாதன மாளிகையில் வாழ்பவரும் அதே 2 டன்னில் அடக்கம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் கதையும் அப்படித்தான். ஒரு டன் சுண்ணாம்புக்கல்லை முழுதும் சுட்டால் கல்லிலிருந்தே சுமார் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருள் கணக்கில் இது சேராது. மூட்டை வெளியூர் போகிறது. புழுதியும் பள்ளமும் நம்மிடம் தங்குகின்றன.

இரண்டாவதாக, 2026 முதல் இறக்குமதியாகும் சிமெண்ட், இரும்பு முதலியவற்றுக்குக் கரிக் கட்டணம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்திருக்கிறது. அது தலைக்கணக்கைப் பார்க்காது. சரக்கின் கணக்கைத்தான் பார்க்கும்.

மூன்றாவது, நம் கல்லாப்பெட்டி. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி எல்லாம் மழையை நம்பியவை. மழை பருவம் தவறினால் கடைவீதியில் கூட்டம் இராது. நாம் கொடுத்த கடன் பேரேட்டிலேயே தூங்கும்.

இனி நம் கடைக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 300 யூனிட் செலவாகும் கடைக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டரை டன். அதாவது ஓர் இந்தியரின் சராசரிப் பங்கைவிட அதிகம்! பழைய டியூப்லைட் ஐந்தை எல்.இ.டி.யாக மாற்றினால், நாள்தோறும் பத்து மணி நேரம் எரியும் கடையில் ஆண்டுக்குச் சுமார் 450 யூனிட் மிச்சமாகும். வணிக மின்கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் என்பதால், போட்ட முதல் விரைவில் திரும்பிவிடும். குளிர்பதனப் பெட்டியின் கதவு ரப்பரைச் சரிபார்ப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

ஆகவே சங்கத்துக்கு நம் வேண்டுகோள்: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு கடைக்காரரும் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளுடன் வரட்டும். விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்குத் தருவோம். வல்லரசுகளிடம் நியாயம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் குரலுக்கு மதிப்பு கூடும். செய்வோமா?