மனு நாளும் மாம்பழ விலையும்

சித்தூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பலமனேருக்கு முன்பாக வருகிறது பங்காருபாளையம். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்தப் பொன்பாளையத்துச் சந்தைக்கு வந்த தோத்தாபுரி மாம்பழத்தின் விலை, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாகவில்லை. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று அழைக்கப்படும் அதே பழம்தான். வீட்டில் அறுத்துத் தின்பதைவிட, ஆலையில் கூழாகிப் புட்டிகளில் அடைபடுவதற்கே பெரும்பாலும் செல்லும் பழம். ஆகவே அதன் விலையைத் தீர்மானிப்பவர்கள் சந்தைக்கு வரும் மக்கள் அல்லர். கூழ் ஆலைகளின் உரிமையாளர்கள்.

கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆலைகள் 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்பது ஏற்பாடு. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று கைவிரித்த ஆலைகள், அந்த 8 ரூபாயைத் தர முன்வரவில்லை. 5 ரூபாய், 4 ரூபாய், சில இடங்களில் அதற்கும் கீழே கேட்டன. ஆலை வாயில்களில் டிராக்டர்கள் வரிசையில் காத்து நின்றன. மரத்திலிருந்து இறங்கிய பழம் பேரம் முடியும்வரை காத்திருக்காது என்பது விவசாயிக்கும் தெரியும், ஆலைக்காரருக்கும் தெரியும். அறிவிப்பில் அரசு தரும் 4 ரூபாய்க்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆலை தரவேண்டிய 8 ரூபாயை வசூலிக்கும் அதிகாரமோ, தராதவர் மீது நடவடிக்கை எடுக்கும் சட்டமோ இல்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பங்காருபாளையம் பூதலப்பட்டு (தனி) சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. 2024 தேர்தலில் அங்கு வென்றவர் தெலுங்கு தேசத்தின் கலிகிரி முரளிமோகன். இக்கட்டுரை அவர் ஒருவரைக் குறித்தது அன்று. கட்சி வேறுபாடின்றிப் பெரும்பாலான சட்டமன்ற உறுப்பினர்களின் பணி இன்று எப்படிச் சுருங்கிவிட்டது என்பதைக் குறித்தது. மனு வாங்குவது, அதிகாரியிடம் பரிந்துரைப்பது, முதலமைச்சர் நிவாரண நிதிக் காசோலையைக் கையளிப்பது, ஒளிப்படம் எடுத்துக்கொள்வது. திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்ப்பு நாள் நடக்கிறது. ஓய்வூதியம் நின்றுபோன மூதாட்டிக்கும், பட்டாவில் பெயர் தவறிய ஏழைக்கும் இப்பணி தேவைதான். அதை ஏளனம் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. இடதுசாரி உறுப்பினர்கள் இருக்கும் இடங்களில் அவர்களும் இதைச் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் மாம்பழ விலை மனுவில் தீரும் குறை அன்று. ஆயிரம் விவசாயிகள் தனித்தனியே ஆயிரம் மனு கொடுத்தாலும் ஆலை உரிமையாளரின் கணக்கேட்டில் ஒரு ரூபாய் கூடாது. அதற்குச் சட்டமன்றம் வேண்டும்.

அந்தச் சட்டமன்றத்தின் நிலை என்ன? 175 இடங்களில் 11ஐ மட்டுமே பெற்ற ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், எதிர்க்கட்சித் தலைவர் தகுதி தரப்படவில்லை என்று கூறி அவையைப் புறக்கணித்து வருகிறது. இடதுசாரிகளுக்கு 2024இல் ஓரிடமும் கிடைக்கவில்லை. எஞ்சியவர்கள் ஆளும் கூட்டணியினர். 2025 ஜூலை 9 அன்று ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கு நேரில் வந்தார். சாலையில் பழங்கள் கொட்டப்பட்டன. தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் காட்டின. சந்தைக்கு வர நேரமிருந்த தலைவர், அதே விவசாயிக்காக அவைக்குச் செல்ல மறுப்பது எந்த வகை அரசியல்? தகுதி கிடைத்தால்தான் பேசுவேன் என்பது, பட்டம் தந்தால்தான் மருத்துவம் பார்ப்பேன் என்று நோயாளியின் முன் நின்று சொல்வதைப் போன்றது. (அதே ஜூலை 9 அன்றுதான் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மத்திய தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தின என்பதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொலைக்காட்சிகளுக்கு அது அன்றைய செய்தியாகப் படவில்லை.)

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். அன்று சந்தையில் கூடுவோர் எண்ணிக்கைக்கு 500 என வரம்பு விதித்த காவல்துறையின் செயல் தவறு. வந்த தலைவர் யார் என்பது இங்கு கேள்வியே அன்று. விளைபொருளுக்கு விலை கேட்டுத் தன் ஊர்ச் சந்தையில் விவசாயி கூடுவது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தந்த உரிமை. ஜெகன் ஆட்சியில் இதே தடைகள் எதிர்க்கட்சிகள்மீது விழுந்தபோது தெலுங்கு தேசம் என்ன பேசியது என்பதை அக்கட்சியினரே நினைவுகூரட்டும். இன்று முதலாளித்துவக் கட்சி ஒன்றின் கூட்டத்துக்கு வைக்கும் கயிறு, நாளை விவசாய சங்கத்தின் கழுத்துக்கும் வரும்.

மாநில எல்லையும் இப்போது ஆயுதமாகிவிட்டது. பிற மாநிலங்களிலிருந்து தோத்தாபுரி வருவதற்குச் சித்தூர் மாவட்ட ஆட்சியர் ஜூன் 7 அன்று தடை விதித்தார். சித்தூர் ஆலைகளை நம்பியிருந்த கோலார் பகுதி விவசாயிகள் தவித்தனர். கர்நாடக முதல்வர் சித்தராமையா, சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரியிலும் அதே பருவத்தில் அதே விலைச் சரிவு. தெலுங்கு பேசும் விவசாயி, கன்னடம் பேசும் விவசாயி, தமிழ் பேசும் விவசாயி மூவரும் ஒரே கூழ் வணிகத்திடம் தோற்கிறார்கள். அவர்களுக்கிடையே சோதனைச் சாவடி வைத்தால் லாபம் யாருக்கு?

ஒன்றிய அரசு ஜூலை இறுதியில் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தை அறிவித்தது. குவிண்டாலுக்கு 1,490 ரூபாய் 73 காசு. 1 லட்சத்து 62 ஆயிரத்து 500 டன்னுக்கு. செலவு ஒன்றியமும் மாநிலமும் பாதிப்பாதி. இத்திட்டம் விளைச்சலில் 25 விழுக்காடு வரைதான் தாங்கும் என்பது விதி. நான்கில் மூன்று பழம் விதிக்கு வெளியே! மக்களவையில் 16 உறுப்பினர்களோடு மோடி அரசைத் தாங்கிநிற்கும் கட்சி, இந்த வரம்பைத் தளர்த்தும்படி கோரி ஒன்றிய அரசை நிர்ப்பந்தித்திருக்க முடியும். ஆதரவுக்கு விலை பேசத் தெரிந்தவர்களுக்கு மாம்பழத்துக்கு விலை பேச ஏன் வாய் வரவில்லை?

நுகர்வோர் என்ற சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். பழச்சாற்றுப் பானத்தில் குறைந்தது 10 விழுக்காடு பழச்சாறு இருக்கவேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. 2024 ஜூனில், ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. புட்டியின் மேல் பொய் எழுதினால் குடித்தவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்துக்குச் செல்லலாம். விதை பொய்த்தால் விவசாயியும் நுகர்வோர்தான் என்று, ஆந்திர விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதை வாங்கும்போது பாதுகாப்பு உண்டு; பானம் வாங்கும்போதும் உண்டு. நடுவில், பழத்தை விற்கும்போது மட்டும் அவர் எந்தச் சட்டத்தின் நிழலிலும் நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பழக்கூழ் பானங்களின் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அப்போது சித்தூர் மரங்களில் பழமே இல்லை. அடுத்த பருவத்தில் அந்த 7 விழுக்காட்டில் ஒரு பங்கேனும் தோட்டத்துக்கு வருமா என்பதைக் கேட்கும் இடமும் சட்டமன்றமே.

சட்டத்தால் முடியாதது அன்று இது. கரும்புக்கு 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது: வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. ஆலைகள் அதை மீறுவதைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் நன்கறிவர். ஆயினும் மீறல் என்று சொல்லிப் போராட ஓர் ஆணையாவது கையில் இருக்கிறது. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 காய்கனிகளுக்கு உற்பத்திச் செலவைவிட 20 விழுக்காடு கூடுதலாக அடிப்படை விலை வகுத்தது. மரவள்ளிக்கு 12 ரூபாய், அன்னாசிக்கு 15 ரூபாய். கூட்டுறவு அமைப்புகளின் வலுவும் சேர்ந்துதான் அங்கே அது இயலக்கூடியதாயிற்று. ஆந்திரத்துக்கு அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. ஆனால் விலை என்பது இறைவன் விதித்தது அன்று என்பதை அது காட்டியது.

குத்தகை விவசாயியின் நிலை இன்னும் மோசம். ஆந்திரத்தின் 2019ஆம் ஆண்டு சாகுபடியாளர் உரிமைச் சட்டம் நில உடைமையாளரின் கையொப்பத்தைக் கோருகிறது. கையொப்பம் இல்லையேல் அட்டை இல்லை. அரசின் ஏட்டில் அவர் விவசாயியே அல்லர்.

மாமரம் தை, மாசியில் பூக்கும். தோத்தாபுரி அறுவடை ஜூனில் தொடங்கும். பூவுக்கும் பழத்துக்கும் இடையே ஆந்திரச் சட்டமன்றத்தின் நிதிநிலைக் கூட்டத்தொடர் வருகிறது. பூதலப்பட்டு உறுப்பினரும், சித்தூர் மாவட்டத்தின் பிற உறுப்பினர்களும், புறக்கணித்து நிற்கும் பதினொருவரும் அந்த அவையில் எழுப்பவேண்டியவை இவை: கூழ் ஆலைகள் தரவேண்டிய விலையை அறுவடைக்கு முன்பே எழுத்தில் பெறுவது, பணம் தர நாள் வரம்பும் வட்டியும் விதிக்கும் சட்டம், குத்தகையாளரையும் உள்ளடக்கும் திருத்தம். கிருஷ்ணகிரியின் உறுப்பினர்களுக்கும் கோலாரின் உறுப்பினர்களுக்கும் இதே பட்டியலை அனுப்பிவைக்க விவசாய சங்கங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.