முதலில் நிறுத்தத் தெரியட்டும்

நம் சங்கக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் தனியாகக் குடியிருப்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கணவரோ மனைவியோ காலமாகிவிட்டார் என்று சொந்த ஃப்ளாட்டில் ஒற்றையாக இருக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம். வேலை நிமித்தம் மும்பைக்கு வந்து, வங்கிக் கடனில் ஒரு சின்ன வீட்டை வாங்கி, கல்யாணத்துக்கு முன்பே வீட்டுச் சொந்தக்காரர்களாகிவிட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் இன்னொரு பக்கம். எந்த வங்கியில் வட்டி அதிகம், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று இவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் குழாய் உடைந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. "பிளம்பரைக் கூப்பிடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். காலனிக் குவார்ட்டர்ஸ்களின் கூரை, குழாய், சாக்கடை, கதவு எல்லாம் எங்கள் பொறுப்பு. காலையில் ஆபீசில் நுழைந்ததும் முதலில் பார்ப்பது புகார்ப் புத்தகத்தைத்தான். அத்தனை வருஷம் அந்தப் புத்தகத்தைப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வீட்டில் தனியாக இருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை பழுது பார்ப்பது அல்ல, நிறுத்துவது. தண்ணீரை, மின்சாரத்தை, காஸை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவருக்குப் பாதி ஆபத்து அப்போதே கழிந்தது.

இது ரயில்வே கற்றுக்கொடுத்த பாடம். தலைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டுமானால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைப் பூமியோடு இணைத்து, எழுத்து மூலமான அனுமதி கைக்கு வந்த பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம். எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் இதில் விலக்கு கிடையாது. வீட்டில் ஓடுவது 230 வோல்ட்தான். ஆனால் உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும்.

எங்கள் கட்டிடத்தில் தனியாக இருக்கும் ஒரு மாமியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பதினோரு மணிக்கு வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கும் இணைப்புக் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் சமையலறை வரை வந்துவிட்டது. மாமிக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது. வாட்ச்மேன் மொட்டை மாடிக்கு ஓடி, பக்கத்து வரிசை வீடுகளுக்குப் போகும் குழாயை மூடினான். கடைசியில், மாமியின் குளியலறைப் பரணுக்குப் பக்கத்திலேயே அந்த வீட்டுக்கான ஸ்டாப் காக் இருந்தது தெரியவந்தது. ஆனால் வீடு கட்டிய நாள் முதல் அதை யாரும் திருப்பியதில்லை. துருவேறி இறுகிப் போயிருந்தது. கீழ் வீட்டின் சீலிங் வரை நனைந்த பிறகுதான் தண்ணீர் நின்றது. அறுந்த குழாயின் விலையோ ஓர் ஓட்டல் சாப்பாட்டின் விலைகூட இருக்காது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள்.

தண்ணீர்: வீட்டுக்குள் வரும் குழாய்களின் ஸ்டாப் காக்குகளைத் தேடுங்கள். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் இருக்கலாம். எதை மூடினால் எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்து, ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்தால் வால்வு இறுகாது. ஏற்கெனவே இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். பிளம்பரை வைத்து மாற்றிவிடுங்கள். பேசினுக்கும் ஃப்ளஷ் தொட்டிக்கும் போகும் இணைப்புக் குழாய்களின் நட்டில் துரு தெரிந்தால் உடைவதற்கு முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம்.

மின்சாரம்: மெயின் சுவிட்சும் எம்.சி.பி. பெட்டியும் எங்கே என்று பாருங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே 'ஹால்', 'கீசர்', 'ஃப்ரிட்ஜ்' என்று எழுதி ஒட்டுங்கள். ஒன்று அடிக்கடி விழுந்தால், அதில் சேர்ந்த சாமான்கள் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதை மேலே தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவும் செருகாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில், எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள். பெட்டியில் 'டி' என்ற சின்னப் பொத்தானோடு ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததே. உங்கள் வீட்டில் அது இல்லவே இல்லையென்றால், புது சோபாவுக்கு முன்பு அதற்குச் செலவு செய்யுங்கள். அது இருக்கும் தைரியத்தில் கம்பியைத் தொடவும் கூடாது. இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் அதுவும் காப்பாற்றாது.

காஸ்: சிலிண்டரானால் ரெகுலேட்டர், குழாய் வழி காஸானால் சமையலறை வால்வு. இரவு படுக்கப் போகும்போது மூடுவதைப் பழக்கமாக்குங்கள். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். குழாய் காஸ் லேசானது, மேலே போகும். எதுவானாலும் வாசனை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, சிலிண்டர்காரர்கள் 1906 எண்ணுக்கும் குழாய் காஸ்காரர்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் அவசர எண்ணுக்கும் போன் செய்யுங்கள். சிலிண்டரின் ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காலக்கெடு குழாயிலேயே அச்சிட்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளியலறைக்குள் காஸ் கீசர் வைத்திருப்பவர்கள், ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடும்பமாக இருந்தால், நேரமாகிறதே என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். தனியாக இருப்பவரின் கதவை யார் தட்டுவது? என்னைக் கேட்டால், தனியாக இருப்பவர் வீட்டுக்குள் காஸ் கீசரே வேண்டாம்.

நிறுத்தத் தெரிந்துவிட்டது. இனி எதை நாமே செய்யலாம், எதை விட வேண்டும்? எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். வரத்து நின்றிருக்க வேண்டும். தண்ணீர் அல்லது மரம் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் தைரியமாகச் செய்யுங்கள். ஸ்டூலில் ஏற வேண்டிய வேலை, மின்பெட்டியையோ கீசரையோ திறக்க வேண்டிய வேலை, காஸ் வேலை ஆகிய மூன்றுக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் நம் அறிமுகத்திலேயே இருக்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் தனியாக இருப்பவர் வீட்டில் ஸ்டூலே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தரையில் நின்றபடி செய்யும் வேலைகளே வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஒழுகும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கணக்கிட்டால், ஒரு நாளில் போகும் தண்ணீரைப் பார்த்து நீங்களே திகைப்பீர்கள். பழைய மாதிரிக் குழாயானால் வாஷர்தான் தேய்ந்திருக்கும். ஸ்டாப் காக்கை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, பேசின் துவாரத்தில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருகு உள்ளே போய்விடும். ஸ்பானரால் மேல் நட்டைக் கழற்றி, பழைய வாஷரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதிது வாங்கிப் போடுங்கள். கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயில் வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுவதால், அதற்கும் பழையதைக் கொண்டுபோவதே வழி. மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றும்போது, மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அவிழ்ந்துவிடும்.

ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கேசரிப் பவுடர் போதும். தொட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம்.

கதவின் கீல் ஆடுகிறதென்றால், திருகின் ஓட்டை பெரிதாகிவிட்டது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, காய்ந்தபின் அதே திருகை முறுக்குங்கள். மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தால் அவசரப்பட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். ஜூலையில் இழைத்த கதவில் டிசம்பரில் விரல் அகலம் சந்து தெரியும். அதுவரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஒப்பேற்றலாம்.

சுவரில் ஈரம் தெரிந்தால் பெயிண்ட் அடித்து மறைப்பது புண்ணின் மேல் பவுடர் பூசுவது போலத்தான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பொதுவாக, குளியலறை, சிங்க் போன்ற உட்கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு. மொட்டை மாடி, வெளிச்சுவர், பொதுக் குழாய் வழியாக வருவது சொஸைட்டியின் பொறுப்பு. இது தெரியாததால், தனியாக இருப்பவர்கள்தான் சொஸைட்டி செய்ய வேண்டிய வேலைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்கள். புகாரை எழுத்து மூலம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

"காசு கொடுத்தால் ஆள் வருகிறான், செல்போனைத் தட்டினால் போதும், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் வருவான், தண்ணீர் அதுவரை காத்திருக்காது. மேலும், வாஷர் என்றால் என்ன என்று தெரிந்தவரிடம் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். தெரிந்து வைத்திருப்பது தொழிலாளியை விரட்ட அல்ல. என்ன கோளாறு என்று சரியாகச் சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். நியாயமான கூலியை மனமுவந்து கொடுக்கவும் முடியும்.

உண்மையான தடை வேறு. கைவேலை நமக்கானதல்ல என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம்; மறுநாள் பரண் மேல் போட்டுவிடுகிறோம். இன்ஜினியரிங் படித்த பிள்ளைக்கு வாஷர் மாற்றத் தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்லும் தாய் தகப்பன்மாரை நானே பார்த்திருக்கிறேன். பெண்களுக்கோ, "உனக்கேன் அது?" என்றே சொல்லிச் சொல்லி வளர்த்தோம். கணவர் போன பிறகு மெயின் சுவிட்ச் எங்கே என்று தேடும் நிலைமைக்கு அவர்களைக் கொண்டுவிட்டது நாம்தான்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். இரண்டு அளவுத் திருப்புளி, ஒரு குறடு, ஓர் அட்ஜஸ்டபிள் ஸ்பானர், சுத்தியல், டெஃப்லான் டேப், நல்ல டார்ச் போதும். கடையில் பாஷைதான் தகராறு. திருப்புளி இங்கே 'பேச்கஸ்', ஸ்பானர் 'பானா', சுத்தியல் 'ஹதோடி'. 'கீல்' வேண்டும் என்று நம் வழக்கத்தில் கேட்டால் ஆணியை நிறுத்துக் கொடுப்பார். கதவுக் கீலுக்கு இங்கே 'கப்ஜா' என்று பெயர்.

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் இன்னிசையும் நடக்கட்டும். வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுங்கள். ஒரு பழைய குழாய், ஒரு ஃப்ளஷ் தொட்டி, ஒரு காலி மின்பெட்டி இருந்தால் வகுப்பு நடத்திவிடலாம். ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! கற்றுக்கொடுக்கக் கூலி கேட்கவா போகிறோம்? முதல் வகுப்புக்கு வர நான் தயார்.

அதுவரை, தனியாக இருக்கும் அன்பர்கள் மாற்றுச் சாவி ஒன்றை நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அவர்களுக்கும் உங்கள் ஸ்டாப் காக் இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.