டெங்போச்சேவில் ஒரு நாள் நில்லுங்க

வேலையில சேர்றதுக்கு முன்னாடி எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போயிட்டு வந்துடணும்னு பிளான் போடுறீங்களா? நாங்களும்தான். ஆனா எங்க கேங் போட்ட பிளான்ல ஒரே பேச்சு, 5,364 மீட்டர் ஏறுறதுல எத்தனை நாளை மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான். வழியில் 3,867 மீட்டரில் இருக்கும் டெங்போச்சே புத்த மடத்துக்குக் கிடைச்சது, "போட்டோ, 20 நிமிஷம்".

இது தப்புன்னு நினைக்கிறேன். 3,000 மீட்டரைத் தாண்டினால், படுத்துத் தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூணு நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வும் வேணும். மீறினால் தலைவலியில் தொடங்கி, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போகலாம். எப்படியும் எங்காவது நிக்கணும். அங்கேயே நில்லுங்களேன்!

அக்டோபர், நவம்பர் வாக்கில் அங்கே மணி ரிம்டு திருவிழா. துறவிகள் முகமூடி போட்டு ஆடுறது நமக்கான ஷோ இல்லை, வழிபாடு. நாள்கணக்கில் வண்ண மணலால் வரைந்த மண்டலத்தைக் கடைசியில் அவங்களே கலைச்சிடுறாங்க. ஆனா 1934 நிலநடுக்கத்திலும் 1989 தீயிலும் அழிஞ்ச மடத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்காங்க. எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு தெரிஞ்ச இடம். இதை 20 நிமிஷத்துல எப்படிப் பார்ப்பீங்க?

பேஸ் கேம்ப் எங்கேயும் ஓடிடாது. பிளான்ல ஒரு நாள் கூட்டுங்க.