தலைமை ஆசிரியரின் செவி

சென்ற மாதக் கூடுகையில் நாங்கள் சிலர் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ நூலை மறுபடி வாசித்துப் பேசினோம். ஜப்பானிய நடிகை தெட்சுகோ குரோயநாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-இல் வெளிவந்த நூல் அது. தமிழில் அதைப் படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. குறும்பு தாளாமல் ஒரு பள்ளி விலக்கிவிட்ட சிறுமியைத் தாய் டோக்கியோவில் இருந்த டோமோயி பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். ஓடாத ரயில் பெட்டிகளே அங்கே வகுப்பறைகள். தலைமை ஆசிரியர் சோசாகு கோபயாஷி தாயை அனுப்பிவிட்டு, சிறுமியின் எதிரே அமர்ந்து, அவள் சொல்ல விரும்புவதை எல்லாம் சொல்லவிட்டு நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சி பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

இம்முறை எங்களைப் பிடித்து நிறுத்தியதோ வேறொரு காட்சி. உயரம் வளராத மாணவன் ஒருவனிடம் வகுப்பாசிரியை ஒருநாள், உனக்கு வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். செய்தி கோபயாஷியின் காதுக்கு எட்டுகிறது. அவர் கோபம் கொள்கிறார். மற்ற ஆசிரியர்கள் இல்லாத சமையலறையில் வைத்து, அந்தக் கேள்வி அவனுக்குள் என்ன செய்திருக்கும் என்பதை அந்த ஆசிரியைக்கு உணர்த்துகிறார். ஆசிரியை அழுகிறார். தற்செயலாக இதைக் கேட்டுவிட்ட சிறுமி, பெரியவளாகிப் பல்லாண்டுகள் கழித்தும் அதை மறக்கவில்லை.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் அடங்கியிருப்பதாக எங்களுக்குப் பட்டது. வகுப்பறையில் நடந்த ஒரு தவறு தலைமை ஆசிரியரை வந்தடைந்தது. அவர் அதைச் சிறிதென்று ஒதுக்கவில்லை. அதே வேளையில், தவறு செய்தவரைப் பிறர் முன் சிறுமைப்படுத்தவும் இல்லை. இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் பள்ளித் தலைமை என்பது தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம். குறிப்பாக முதலாவது. ஒரு தலைமை ஆசிரியரின் தகுதியை அளக்க விரும்பினால், அவர் அறைக்குக் கெட்ட செய்தியைக் கொண்டுவர யார் யாருக்குத் துணிவு இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

நம் பழைய பள்ளிக்கூட நினைவுகள் இதற்கு நேர் எதிரானவை. “அவர் நடந்து வந்தால் மரத்தில் இலை அசையாது” என்று தம் தலைமை ஆசிரியரைப் பெருமையோடு நினைவுகூர்பவர்களை எங்கும் காணலாம். நாமும் அப்பெருமையில் பங்குகொண்டவர்களே. ஆனால் அசையாத அந்த இலைகளுக்குப் பின்னால் எவையெல்லாம் மறைந்துகிடந்தன என்று நாம் கேட்டதில்லை.

எங்களுள் ஒருவர் தம் எட்டாம் வகுப்பு நினைவைச் சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த பையன் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிகள் ஏறிக்கொண்டே போயின. பிறகு பெயர் நீக்கப்பட்டது. தந்தையின் கடனுக்காக அவன் ஒரு பட்டறையில் வேலைக்கு விடப்பட்டிருந்தான். இது அந்தப் பெஞ்சில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். சத்துணவு சமைத்த அம்மாளுக்கும் தெரியும். தலைமை ஆசிரியருக்கு மட்டும் தெரியாது. அவர் கெட்டவர் அல்லர். தெரிந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போயிருக்கக் கூடியவர். ஆனால் அவர் அறை வாசலுக்குத் தானாகப் போய் நின்ற மாணவன் அப்பள்ளியில் ஒருவனும் இல்லை. அங்கே போவதென்றால் அடி வாங்குவதற்கு என்றே பொருள். அந்தப் பையனின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது.

அதனால்தான் தகவல் தொடர்பு, உறவு என்ற சொற்களை நிர்வாகப் பயிற்சியின் அலங்காரங்களாக நம்மால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வீட்டில் திருமணம் பேசுகிறார்கள் என்பதை அவள் தோழியே முதலில் அறிவாள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு புறப்பட இருக்கும் பிள்ளையைப் பற்றி அடுத்த வீட்டுத் தாய்க்கே முதலில் தெரியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த எண்ணுக்கு முன்பாக நாடக்கூடிய ஒரு மனிதர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும். இல்லையெனில் செய்தி வந்து சேரும்போது காலம் கடந்திருக்கும்.

நம் பள்ளிகளில் செய்தி எந்தத் திசையில் பாய்கிறது என்பதைப் பாருங்கள். இயக்குநரகத்திலிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அவரிடமிருந்து தலைமை ஆசிரியருக்கு, அவரிடமிருந்து ஆசிரியருக்கு என்று எப்போதும் மேலிருந்து கீழாகவே. பாடம் நடந்துகொண்டிருக்கையில் சுற்றறிக்கை நோட்டு வகுப்புக்குள் நுழையும். ஆசிரியர் படித்தும் படிக்காமலும் கையெழுத்திடுவார். நோட்டு அடுத்த வகுப்புக்குப் போகும். கையெழுத்து விழுந்துவிட்டால் செய்தி சேர்ந்துவிட்டதாகப் பொருள். இன்று அந்த நோட்டின் இடத்தில் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் படம். வேகம் கூடியிருக்கிறதே அன்றித் திசை மாறவில்லை. எமிஸ் தளத்தில் பதிவேற்றிய எண்ணிக்கைகள் மேலே போகின்றன என்று சொல்லலாம். எண்ணிக்கை போகிறது, உண்மைதான்; ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்ற காரணம் அதனோடு போவதில்லை.

இங்கே தலைமை ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சிறிய தொடக்கப் பள்ளியில் அவரே வகுப்பும் எடுக்க வேண்டும், கணக்கும் எழுத வேண்டும், கூட்டங்களுக்கும் போக வேண்டும். மேலிருந்து அவரிடம் யாரும் செவிகொடுத்துப் பேசுவதில்லை. தாம் கேட்கப்படாத ஒருவர் பிறரைக் கேட்பவராக இருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது எளிதன்று. ஆகவே நாம் குறைகூறுவது தனி மனிதர்களை அல்ல. ஆணையிடுவதையே தலைமை என்று அவர்களுக்குப் பழக்கிவிட்ட முறையை.

கண்டிப்பில்லாமல் பள்ளிக்கூடம் நடக்குமா, உறவாடினால் மரியாதை போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கோபயாஷி கண்டிக்காமல் இல்லையே! அவர் கண்டிப்பு அந்த ஆசிரியையை அழவைக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. உறவு என்று நாம் சொல்வது தோளில் கைபோட்டுத் திரிவதை அன்று. கண்டித்த பிறகும் மறுநாள் முகம் பார்த்துப் பேச முடிகிற நிலையையே சொல்கிறோம்.

இதெல்லாம் ஒரு புத்தகம் தந்த நெகிழ்ச்சி என்று தள்ளிவிட நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து ஒரு சான்று உண்டு. 1988-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அந்நகரின் பொதுப் பள்ளிகளுக்குப் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களை அமைத்து, தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் அவற்றிடம் அளித்தது. சட்டம் ஒன்றே, ஆனால் சில பள்ளிகள் முன்னேறின, சில அப்படியே நின்றன. ஏன் என்று அந்தோனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2002-இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வேறுபாடு, பள்ளியில் உள்ளவர்களுக்கிடையே நிலவிய நம்பிக்கை. தொடக்கத்திலேயே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நம்பிக்கை நலிந்திருந்த பள்ளிகளுக்கோ ஏழில் ஒன்று.

அந்த நம்பிக்கை எதனால் ஆனது என்பதையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பிறர் சொல்வதை மதித்துக் கேட்பது, கடமைக்கு அப்பாலும் அக்கறை காட்டுவது, தம் வேலையைத் திறம்படச் செய்வது, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது ஆகிய நான்கு. நம்பிக்கை மட்டுமே பாடம் நடத்திவிடாது என்பது உண்மைதான். ஆனால் புதிய முயற்சி ஒன்றில் தவறினால் கேலிக்கு ஆளாக மாட்டோம் என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் ஆசிரியர் எதையும் முயன்று பார்ப்பார்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்துகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். காகிதத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்தில் நடப்பது என்ன? தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருக்கும். நூறு நாள் வேலையிலிருந்து ஓடிவந்த தாய், சுவரோரம் நின்று கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புவார். இதற்கு விலக்கான பள்ளிகள் உண்டு. அவற்றை நாம் வணங்குகிறோம். ஆனால் அவை இன்னும் விலக்காகவே பேசப்படுகின்றன என்பதுதான் வருத்தம்.

காமராசர் முதலமைச்சராக இருந்த நாட்களில், கல்வித்துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நினைவுக்கு வருகின்றன. ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து பள்ளிக்கு வேண்டிய பொருள்களைத் தந்தார்கள். நம் மக்கள் பள்ளியை அந்நியமாக நினைத்தவர்கள் அல்லர் என்பதற்கு அது சான்று. கேட்டபோது கொடுத்தார்கள். கொடுக்க அழைத்த நாம், பேச அழைத்தோமா என்பதே கேள்வி.

கடிந்து சொல்லும் துணையற்ற அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்தக் குறளை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடும் இடம் பள்ளிக்கூடம். அதன் தலைமை அறைக்கு அது பொருந்தாதா?

பெரிய சீர்திருத்தம் எதையும் நாம் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் அறையில் பெற்றோர் உட்கார ஒரு நாற்காலி இருக்கட்டும். அவர் கேட்காமலே உட்காரச் சொல்லட்டும். ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து போகும் முதல் அழைப்பு புகாராக இல்லாமல், அவன் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்வதாக இருக்கட்டும். பாராட்டு காலை வணக்கக் கூட்டத்திலும் கண்டனம் தனியறையிலும் நிகழட்டும். சமையல் செய்யும் அம்மாளிடமும் துப்புரவுப் பணியாளரிடமும், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று வாரம் ஒருமுறையாவது கேட்கட்டும். இவற்றுக்கு அரசாணை தேவையில்லை.

டோமோயி பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்தது. ரயில் பெட்டிகள் எரிவதைப் பார்த்தபடி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளியைக் கட்டலாம் என்று கோபயாஷி தம் மகனிடம் கேட்டதாகக் குரோயநாகி எழுதுகிறார். எல்லாம் போன பிறகும் அந்த மனிதர் ஒரு கேள்வியோடுதான் நின்றார்.

எங்கள் கூடுகை முடியும்போது, எட்டாம் வகுப்பு நினைவைச் சொன்ன நண்பர் மறுபடி பேசினார். “அன்றைக்கு அந்த அறைக்குப் போய் நான் சொல்லியிருக்கலாம், அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்” என்றார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பையன் சுமக்க வேண்டிய பழியா அது?